குமருக்கு வாடகை வீடுதான் அழகாம்

சிவமயம்

ஏழாலை,
18.06.1974

அன்புள்ள மகள் மீனாம்பிகைக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் ஐயாவின் முழங்காலும் அண்ணை தில்லைநாதனின் லொறியும் தவிர மற்றெல்லாம் கந்தசுவாமியார் துணையால் சுகமே. முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன், லொறிக்கு என்ன பூசுவதென்று அவனுக்குத்தான் வெளிச்சம். நீ கொழும்பில் சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், கந்தோர் வேலையால் வந்த களையோடு கடையில் பாணுக்குக் கியூவில் நின்று காயாமல் இருக்க வேண்டும் என்று நாளும் பொழுதும் நேர்ந்துகொள்கிறேன். உன் கடிதம் போன செவ்வாய் வந்து சேர்ந்தது. வந்த நாள் தொடக்கம் இந்த வீட்டில் உலை வைப்பது சின்ன வேலை, உன் வீட்டைப் பற்றிக் கதைப்பது பெரிய வேலை.

நீ எழுதியதை ஐயாவுக்கும் அண்ணைக்கும் எழுத்துப் பிசகாமல் வாசித்துக் காட்டினேன். உன் வீட்டுக்கார மிசிஸ் கெல்லர் அவுஸ்திரேலியாவில் மெல்பேணுக்கு மகனிடம் போகப் போகிறா, வீட்டை விற்கிறா, பின்பக்கத்து இரண்டு அறையில் இத்தனை வருடம் சத்தம் சந்தடி இல்லாமல் வாடகை கட்டின உனக்கே முதலில் தரச் சம்மதம், ஆடி முடியுமுன் பதில் வேண்டும், நீ மாட்டேன் என்றால் முன் றோட்டுச் சாமான்கடை முதலாளி வாங்கி மூட்டை அடுக்குவார், அரசாங்க உத்தியோகத்தருக்குக் கொடுக்கிற வீட்டுக் கடன் உனக்குக் கிடைக்கும், வாங்குவதா இல்லை வேறொரு வாடகை அறை பார்ப்பதா, ஒரு சொல் எழுதுங்கோ என்று கேட்டிருந்தாய். நீ கேட்டது ஒரு சொல். இங்கே ஒரு பெட்டி நிறையச் சொல் கிடக்கிறது. வேண்டாம் என்று உனக்குப் புத்தி சொல்லி எழுதும்படி எல்லோரும் என்னைப் பிடித்து இருத்தியிருக்கிறார்கள். ஐயா எதிரே கதிரையில் இருந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுதிப்போட்டியோ என்று இப்போதுதான் கேட்டார். நீங்கள் சொன்னதில் ஒண்டையும் விடேல்லை, எல்லாம் எழுதுறன் என்று சொன்னேன். அது பொய்யில்லை, நீயே பார்.

முதலாவது ஐயாவின் நியாயம். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை வாடகை வீட்டில் இருந்தால்தான் மரியாதையாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வாடகைக்கு இருந்தாளெண்டால், கலியாணம் சரிவருமட்டும் இருக்கிறாள் எண்டு சனம் நினைக்கும், சொந்தமா வீடு வாங்கினாளெண்டால், உவள் இனிக் கலியாணம் கட்டமாட்டாள், தனிக்கட்டையாய் இருந்து சாகப் போறாள் எண்டு சனம் முடிவு கட்டிப்போடும் என்றார். இந்தக் கண்டறியாத சனம் யார் என்று கேட்டேன். ஊர் என்றார். நீ முப்பது தாண்டின அன்றைக்கே முடிவு கட்டிவிட்டுச் சோறு தின்னப் போன ஊர் இது. அதற்குப் பிறகு கோயிலில் என்னைக் கண்டால், மகளுக்கு ஏதும் சரிவந்ததோ என்று வாயைக் கோணிக்கொண்டு கேட்பதோடு சரி. அந்த வாய்களுக்காக நீ இன்னும் ஒருத்தியின் குசினி ஓரத்தில் உன் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக்கொண்டு, அவவுக்கு மணம் பிடிக்காதென்று மீன்குழம்பும் வைக்காமல் இருக்க வேண்டுமாம். காத்திருப்பதற்கும் மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும் என்பது எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது.

இரண்டாவது உன் அண்ணையின் கணக்கு. தில்லைநாதன் வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு விரல்விட்டு எண்ணினான். இப்ப உள்ள சட்டப்படி வீட்டுக்காரர் வாடகைக்காரரை எழுப்பேலாது, நினைச்சபடி வாடகையைக் கூட்டவும் ஏலாது, இப்படிச் சட்டம் இருக்கேக்கை கடன்பட்டு வீடு வாங்கிறவன் விசரன், முதலாளி வாங்கினாலென்ன முனிசிப்பல் வாங்கினாலென்ன, தங்கச்சி சாகுமட்டும் அந்த அறையிலை இருக்கலாம் என்றான். கூடப் பிறந்தவன் தங்கைக்குச் சொல்கிற வாழ்த்தைப் பார்த்தாயா. நாளைக்கு அந்த முதலாளி உன் யன்னலுக்கு நேரே கருவாட்டுச் சாக்கை அடுக்கி, குளியலறைக்குப் பூட்டுப் போட்டால் சட்டம் வந்து உனக்குத் தண்ணீர் வார்க்குமா என்று கேட்டேன். அதெல்லாம் ஒரு வழக்குப் போட்டால் சரியாம். கந்தோருக்குப் போகிறவள் கோட்டுக்கும் போகட்டுமாம். வாடகைதான் லாபம் என்று இவ்வளவு வாய் கிழியக் கதைக்கிறவன் தன் வாழ்நாளில் ஒரு சதம் வாடகை கட்டினானா? பெண்டாட்டி குணலட்சுமி சீதனமாகக் கொண்டுவந்த கல்வீட்டில், மாமனார் போட்ட சீமெந்து நிலத்தில், மாமியார் வைத்த மாமரத்து நிழலில் இருந்துகொண்டு வாடகையின் பெருமை சொல்கிறான். அவனை மட்டும் சொல்வானேன். இந்த ஒழுங்கை வீடுகளைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை எண்ணிப் பார், வீடு வாங்கின ஆண்பிள்ளை ஒருவனைக் காட்டு. எல்லோருக்கும் வீடு பெண்டாட்டியோடு வந்தது. ஐயா இருக்கிற இந்த வீடும் என் பெயரில் உறுதிப் பத்திரம் உள்ள வீடு. வாங்குவதா வாடகைக்கு இருப்பதா என்று ஒரு நாளும் தலையைச் சொறிந்திராத கூட்டம், சொந்த உழைப்பில் வாங்கப் போகிறவளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறது. வீட்டைக் கட்டிப்பார் என்று பழமொழி வேறு எனக்குச் சொன்னான். நீ எந்த வீட்டைக் கட்டினாய் ராசா என்று கேட்டேன், லொறிக்கு நேரமாகிறது என்று எழும்பிவிட்டான்.

ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் சிரித்துத் தள்ளமாட்டேன். ஐம்பத்தெட்டுக் கலவரத்தை எல்லாரும் மறந்துபோனியளோ என்றார். கொழும்பில் வீடு வைத்திருந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் உடுத்த உடுப்போடு வந்து இறங்கினதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். வாடகைக்காரனெண்டால் சூட்கேசைத் தூக்கினால் காணும், வீட்டுக்காரன் எதைத் தூக்குவான் என்று கேட்டார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, மகள். இருக்கிறதென்று சொன்னால் அது பொய். ஆனால் அன்றைக்கு அந்தக் கப்பலில் வாடகைக்கு இருந்தவர்களும்தான் வந்தார்கள். காடையன் உறுதியைக் கேட்டா அடித்தான்? பயம் பொதுவானது, அதற்குச் சொந்த வீடு வாடகை வீடு என்று பேதமில்லை. இதை நீதான் யோசிக்க வேண்டும், அங்கே அக்கம்பக்கத்தோடு பழகுகிறவள் நீ. அந்தச் சிங்களப் பெண், உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி, இப்பவும் இருக்கிறாவா என்று எழுது.

இனி வேடிக்கை கேள். நீ வீடு வாங்க யோசிக்கிறாய் என்ற கதை குணலட்சுமியின் வாயால் வெளிக்கிட்டு ஒரு கிழமை ஆகவில்லை, கலியாணத் தரகர் கனகசபாபதி குடையும் சிரிப்புமாக வந்து நிற்கிறார். ஏழு வருடமாக எங்கள் படலையை எட்டிப் பாராத மனிதன். கூட்டிக்கொண்டு வந்தது சாவகச்சேரிப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர், கொழும்புத் துறைமுகத்தில் உத்தியோகம், தாரமிழந்தவர், இரண்டு பிள்ளைகள். தாரமிழந்தது அந்த மனிதரின் குற்றமில்லை, அதை நான் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் வந்தவர் உன் குணம் என்ன, சாதகக் குறிப்பு என்ன, படத்தைப் பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? அறை எத்தனை, பைப்புத் தண்ணீர் முழு நாளும் வருமா, கோட்டைக்குப் பஸ் பக்கத்திலா என்று கேட்டார். பிறகு தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, உறுதியை ரெண்டு பேரின்ரை பேரிலும் முடிச்சால் பிறகு கரைச்சல் இல்லை என்றார். நான் நல்ல மாதிரித்தான் கேட்டேன், தம்பி இப்ப வாடகைக்கோ இருக்கிறியள் என்று. ஓம் மாமி, சம்பளத்திலை பாதி அதுக்கே போகுது என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கத்தானே வந்தனீங்கள் என்றேன். தரகருக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. பிள்ளையளுக்கு ஒரு தாய் வேணும் எண்டுதான் என்று இருமி இருமிச் சொன்னார். தாய் தேடுறவன் அறை எத்தினை எண்டு கேட்கமாட்டான் என்று சொல்லி வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். அதோடு இரண்டு நாள் ஐயா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வந்த சம்பந்தத்தை வாயால் கலைத்துப்போட்டேனாம். நான் கலைக்கவில்லை. உனக்கு மனமிருந்தால் அந்த மனிதரையே கட்டு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். உறுதி உன் பெயரில் மட்டும் முடிந்த பிறகு வரச் சொல்லு. அப்போதும் வந்தால் அவர் மனிதர், பிள்ளைகளுக்கு நீ நல்ல தாயாகவும் இருப்பாய்.

இவ்வளவும் சொன்ன பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாக வாசி. அண்ணை விரல்விட்டு எண்ணினபோது நான் பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். இப்போதைய வாடகை இவ்வளவு, கடனுக்கு மாதாமாதம் கட்ட வேண்டியது இவ்வளவு, ரெண்டுக்கும் நடுவிலை ஒரு கிடங்கு, பெரிய பள்ளம் கிடக்கு, அதை உவள் எதாலை நிரப்புவாள் என்று கேட்டான். ஐயாவும் ஓம், எதாலை நிரப்புவாள் என்றார். எனக்கு அப்போதுதான் சட்டென்று பட்டது. அந்தக் கிடங்கு நீ எங்களுக்கு மாதாமாதம் அனுப்புகிற மணியோடரின் அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாடகையைக் கூட்டினான், வட்டியைக் கூட்டினான், திருத்த வேலை, வரி, கறையான் எல்லாம் கூட்டினான், மணியோடர் என்ற சொல்லை மட்டும் அவன் வாய் எடுக்கவில்லை. அம்மா ஐயாவின் மருந்துக்கென்று நீ அனுப்புகிறாய். கையெழுத்து வைப்பது நான், மருந்துக்கு எடுத்தது போக மிச்சம் லொறி ரயருக்கும் அவன் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கும் போகிறது. இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். உன் சீதனத்துக்கென்று விட்ட தோட்டக்காணியில், கலியாணம் வருமட்டும் சும்மாதானே கிடக்குது என்று சொல்லி வெங்காயம் வைக்கிறவனும் அவன்தான். இந்த வருடம் வெங்காயம் விற்கிற விலை உனக்குத் தெரியும், சுன்னாகம் சந்தையில் மூட்டையை இறக்குமுன்பே வியாபாரிகள் பறித்துக்கொண்டு போகிறார்கள். ஆக, நீ கலியாணம் கட்டினால் காணி போகும், வீடு வாங்கினால் மணியோடர் போகும், வாடகை அறையிலேயே காத்துக்கொண்டிருந்தால் இரண்டும் அவனிடமே இருக்கும். ஆடு நனையுது எண்டு ஓநாய் அழுத கதை இதுதான். பெற்ற பிள்ளையை இப்படி எழுதக்கூடாது, ஆனால் அவனைப் பெற்ற வயிறும் உன்னைப் பெற்ற வயிறும் ஒன்றுதானே.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கென்று வெளிக்கிட்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். கூலிப் பெண்கள் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்கள், உன் அண்ணை வரம்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவர்களுக்கு முன்னாலேயே சொன்னேன். தங்கச்சியின்ரை காணியிலை கிண்டிறவன்தான் இனித் தாய் தேப்பனுக்குச் சோறு போட வேணும், அவள் இனி ஒரு சதமும் அனுப்பமாட்டாள் என்று சொன்னேன். என்னணை அம்மா, ஊருக்கு முன்னாலை நிண்டு கத்துறியள் என்று என் கையைப் பிடித்தான். ஊருக்குத்தானேடா நீங்கள் எல்லாம் பயம், அதுதான் ஊருக்கு முன்னாலை வந்து சொல்லுறன் என்றேன். ஒருத்தியும் தலை நிமிரவில்லை, ஆனால் இரண்டு மூன்று பேர் கொடுப்புக்குள் அடக்கிச் சிரித்ததைக் கண்டேன். பின்னேரம் குணலட்சுமி வந்தாள், மாமி, அவள் தனிச்சவள்தானே, அவளுக்கென்ன பெரிய செலவு என்று தேனொழுகக் கேட்டாள். தனிச்சவளை மழை நனைக்காதோ பிள்ளை என்று கேட்டேன். அடுத்த நாள் காலை அவர்கள் வீட்டிலிருந்து அரை மூட்டை அரிசியும் ஒரு சாக்கு வெங்காயமும் வந்து இறங்கின. ஒரு கதையும் கதைக்காமல் வாங்கி உள்ளே வைத்தேன். ஆகையால் நாங்கள் பட்டினி கிடப்போம் என்று நீ யோசிக்காதே. என் நகையை விற்றுக் காசு அனுப்புவேன் என்றும் யோசிக்காதே, அது படத்தில் வருகிற அம்மாக்கள் செய்கிற வேலை. என்னால் முடிந்தது மணியோடர் வேண்டாம் என்பதுதான். இந்த மாதத்திலிருந்தே நிறுத்து. மீறி அனுப்பினால் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஐயாவை நினைத்து மனம் நோகாதே. இன்றைக்குக் காலை அவராகவே வாயைத் திறந்தார், அந்த வீட்டிலை கிணறு இருக்கோ என்று கேட்டார். இல்லை, பைப் என்றேன். பைப்புத் தண்ணியிலை மனுசர் குளிப்பினமோ என்று சினந்தார். குளிக்கலாமா இல்லையா என்று கேட்கத் தொடங்கிவிட்டார் என்றால் அரைவாசி சம்மதம் என்று எடுத்துக்கொள். ஆடியில் நல்ல காரியம் கூடாது, ஆவணி வரட்டும் என்று இன்னொரு முட்டுக்கட்டையும் போட்டார். மிசிஸ் கெல்லரின் கப்பல் எங்கள் பஞ்சாங்கம் பார்த்தா புறப்படப் போகிறது? நீ ஆனிக்குள்ளேயே முற்பணத்தைக் கட்டி எழுத்தில் வாங்கிக்கொள், பால் காய்ச்சுவதை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். வீட்டு உறுதியைப் பத்திரம் எழுதுகிற நல்ல நொத்தாரிசு ஒருவரிடம் காட்டு, பழைய ஈட்டுக் கடன் ஏதும் கிடக்கிறதா என்று தேடச் சொல்லு. மழை நாளில் போய்க் கூரையைப் பார், வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். யன்னல் நிலைகளைத் தட்டிப் பார், கறையான் தின்ற மரம் சத்தத்தில் சொல்லிவிடும். நீ முன்பக்கம் போனபிறகு பின்பக்கத்து இரண்டு அறையையும் உத்தியோகம் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு வாடகைக்குக் கொடு, கடன் கட்ட அது உதவும். சும்மா கொடுக்காதே, நியாயமான வாடகை வாங்கு. மீன்குழம்பு வைக்க விடு.

ஒன்றை மட்டும் மறக்காதே. வாடகைக்கு வருகிறவளுடைய தாய் ஊரிலிருந்து வந்தால் எத்தனை நாள் நிற்பா என்று கேட்டுவிடாதே. போன வருடம் நான் வந்தபோது மிசிஸ் கெல்லர் அதைத்தான் உன்னிடம் கேட்டா. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தண்ணீர்ச் செலவை நினைத்துக் கேட்டிருப்பா. நீ தலையைக் குனிந்துகொண்டு மூன்று நாள் என்று சொன்னாய். இங்கிலீசு என்றாலும் அந்த அளவு எனக்கு விளங்கும். மூன்றாம் நாள் நான் மெயில் ரயில் ஏறினேன், ஐயாவுக்குச் சுகமில்லையென்று உனக்கு ஒரு சாட்டுச் சொன்னேன். நான் ஒரு மாதம் நிற்கத்தான் வந்தேன், மகள். பெட்டியில் ஒரு மாதத்துக்கு உடுப்பு இருந்தது. அதை நீ கண்டுவிடக்கூடாதென்று பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தேன்.

வேலன் உனக்குத் துணை. நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் உன் தலைக்கு மேல் உன் கூரையும் கிடைக்கட்டும். மழையில் வெறுந்தலையோடு பஸ்ஸுக்கு நிற்காதே. உறுதி முடிந்த அன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
நாள் குறிக்காமல் வரப்போகிற உன் அம்மா,
சோ. சிவக்கொழுந்து